கறை எழும்பாத பூச்சு

ஜூன் 6

பெயிண்டர் ஐயா அவர்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

பெரியம்மா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுவாள் என்று பயந்துகொண்டே இறங்கினேன். "என்னடி, பையில கல்லா வச்சிருக்க, இந்தக் கனம் கனக்குது" என்றுதான் கேட்டாள். அது எனக்கு நன்றாக இருந்தது. அவள் வேலை பார்ப்பது தெரியுமில்லையா, துறைமுக மியூசியத்தில் டிக்கெட் கிழிக்கிறாள். வீட்டிலும் அதே மிடுக்குதான். எனக்கு மாடி அறை. சன்னலைத் திறந்தால் இரண்டு கிடங்குகளுக்கு நடுவே பாதிக் கப்பல் தெரிகிறது. முழுக் கப்பல் வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போக வேண்டுமாம்.

"போன்ல பேசிக்கலாமே, எதுக்குக் கடுதாசி" என்று கேட்டாள். "போன்ல அவர் ஒரு பக்கம் மூச்சு விடுவார், நான் ஒரு பக்கம் மூச்சு விடுவேன் பெரியம்மா" என்றேன். நாம் பேசி வைத்துக்கொண்டபடி எழுதுவோம். எழுதும்போது அழுதால் தாள்தான் நனையும், எதிரே ஆள் இருக்காது.

பாப்பா போன பிறகு நான் அந்த மூலைச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டே கிடக்கிறேன் என்றுதானே என்னை இங்கே அனுப்பி வைத்தீர்கள். ஏழு வயதுப் பிள்ளையைக் காய்ச்சல் ஒரு வாரத்தில் தூக்கிக்கொண்டு போகும், பெற்றவள் மட்டும் மூன்று மாதத்தில் எழுந்து நடமாட வேண்டும். கோபமாக எழுதவில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் உங்கள் மேல் இல்லை. தையல் கம்பெனியில் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடச் சீருடையை இனி என்னால் தைக்க முடியாது. ஒவ்வொரு அளவிலும் ஒரு வயது தெரிகிறது.

பெரியம்மா மருந்துச் சீட்டு மாதிரி சொல்லிவிட்டாள், தினம் ஓர் இடம் பார்க்க வேண்டும், சாயங்காலம் அவளிடம் ஒப்பிக்க வேண்டும். "இந்த ஊர்ல எத்தனையோ பேர் கப்பல்ல வந்து இறங்கி அழுதிருக்காங்க. நீ பஸ்ல வந்திருக்க, அவ்வளவுதான்" என்றாள்.

மனசு தேறினாலும் வருவேன், தேறாவிட்டாலும் வருவேன். நம் வீடு அதுதானே. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
தையல்காரி

ஜூன் 15

என் தையல்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். முதுகுவலி, நீ ஊரில் இல்லை என்று தெரிந்ததும் அதுவும் எங்கேயோ கிளம்பிவிட்டது. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அதற்கும் போர் அடித்திருக்கும்.

நம் ரோட்டு முனைப் பங்களா வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்டருக்கு வெள்ளை வேண்டும், டாக்டரம்மாவுக்கும் வெள்ளைதான் வேண்டும், ஆனால் வேறு வெள்ளை. ஹாலில் ஐந்து வெள்ளை அடித்துக் காட்டினேன். இருவரும் சேர்ந்து ஆறாவது வெள்ளை கேட்கிறார்கள். நான் அவர்களைச் சமாதானம் செய்யப் போய் என் கதை, என் மாமா கதை, சினிமாக் கதையெல்லாம் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "பெயிண்டர், நீங்க வாயால அடிச்ச பெயிண்டைக் கையால அடிச்சிருந்தா ரெண்டு பங்களா முடிஞ்சிருக்கும்" என்கிறார் டாக்டர். உனக்குத் தெரியாததா.

சாப்பாடு மெஸ்ஸில். படுக்கை பங்களா வராந்தாவிலேயே வைத்துக்கொண்டேன். அங்கே காற்று நன்றாக வருகிறது. நம் வீட்டுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அந்த மூலையையும் நினைக்காதே. மனுஷர் உட்காருவதற்கு நாற்காலி என்று ஒன்று கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது.

பெரியம்மா சொன்னபடி ஊரைச் சுற்று. கடலைப் பற்றி எழுதாதே, கடலை எல்லாரும்தான் எழுதுவார்கள். நான் சுவரைப் பார்க்கிறவன். எனக்குச் சுவர்களை எழுது, கதவுகளை எழுது, என்ன நிறம், வெயிலில் எப்படி, நிழலில் எப்படி என்று எழுது.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். நன்றாகத் தூங்கு.

உன்
பெயிண்டர்

ஜூன் 26

பெயிண்டர் ஐயா அவர்களுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பெரியம்மாவுக்கு மட்டும் முட்டிவலி, அதை மியூசியப் படிக்கட்டின் மேல் பழி போடுகிறாள்.

சொன்னபடி ஊர் பார்க்கிறேன். முதல் வாரம் கால் மட்டும்தான் போனது, நான் போகவில்லை. பெரியம்மா கேட்டால் பலகையில் எழுதியிருந்ததை ஒப்பித்தேன். "பலகையை நான் தினமும் பாக்குறேன். நீ என்ன பாத்த" என்று கேட்டாள். அதன்பிறகு கொஞ்சம் பார்த்தேன்.

பழைய சுங்க மாளிகையில் தரை முழுக்கக் கல். வாசலிலிருந்து மேசை வரைக்கும் கல்லில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அந்தக் காலத்தில் வந்திறங்கியவர்கள் பெட்டியைத் தூக்க மாட்டாமல் இழுத்து இழுத்து ஏற்பட்ட பள்ளமாம். அதில் கால் வைத்து நடந்து பார்த்தேன். வியாபாரிகள் தெருவில் நான்கு மொழியில் கடைப்பலகை. ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் வெளியே நின்று எந்த நாட்டு மாலுமி போனாலும் அவன் மொழியில் வணக்கம் சொல்கிறார். வணக்கமும் வசவும் மட்டும் தெரியுமாம், நடுவில் உள்ளதற்குக் கத்தரிக்கோல் போதும் என்கிறார்.

நீங்கள் கேட்ட சுவருக்கு வருகிறேன். துறைமுகத் தொழிலாளிகள் இருக்கிற தெரு ஒன்று உண்டு. அங்கே யாரும் கடையில் பெயிண்ட் வாங்கியதே இல்லை. கப்பலுக்கு அடித்து மிஞ்சியதைக் கொண்டுவந்து வீட்டுக்கு அடிப்பார்கள். பாதிச் சுவரில் தீர்ந்துபோனால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருப்பார்கள். அது வேறு நிறமாக இருக்கும். ஒரு வீடு இடுப்புவரை சிவப்பு, தலைக்குச் சாம்பல். மொத்தத் தெருவும் அப்படி. வெட்கமே இல்லாமல் அழகாக இருக்கிறது. கடைசி வீட்டில் ஒரு நிறம். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. மழை வருவதற்கு முன்னால் கடல் இந்த நிறத்துக்கு வரும், பார்த்திருக்கிறேன். அந்தச் சுவரடியில் நின்றபோது மூச்சு நன்றாக வந்தது. உரிந்து தொங்கிய சில்லு ஒன்றைக் கிள்ளி இதோடு வைத்திருக்கிறேன். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் கிள்ளினேன்.

சாயங்காலங்களில்தான் கஷ்டம். பள்ளி விடுகிற மணி எந்த ஊரிலும் ஒரே மாதிரி அடிக்கிறது.

நீங்கள் ஏன் வீட்டில் படுப்பதில்லை? காற்று நம் வீட்டிலும் வருமே.

உங்கள்
தையல்காரி

ஜூலை 5

என் தையல்காரிக்கு,

நலமாக இருக்கிறேன், நீயும் அப்படியே என்று நம்புகிறேன். பெரியம்மா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் சில்லு வந்தது. மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். டாக்டரம்மாவிடம் காட்டினேன், அவர் ஹாலுக்கு இதே நிறம் வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார், நான் ஓடி வந்துவிட்டேன். பிளேடால் ஓரத்தைச் சீவிப் பார்த்தால் அடுக்கு அடுக்காகப் பழைய பூச்சு. உன் கடல் நிறத்துக்கு அடியில் சாம்பல், அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் ஒரு மஞ்சள். ஒவ்வொன்றும் ஒரு கப்பலாக இருக்க வேண்டும். பழையதைச் சுரண்டாமல் மேலேயே அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நல்ல மனுஷர்கள், ஆனால் தொழில் தெரியாதவர்கள். நான் என்றால் அடிச்சுவர் தெரிகிற வரைக்கும் சுரண்டிய பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவேன். அடியில் அழுக்கை வைத்துக்கொண்டு மேலே என்ன அடித்தாலும் ஒருநாள் எட்டிப் பார்க்கும்.

அந்த நிறத்தைக் கலந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீலம் சுலபமாக வந்துவிட்டது, பச்சை அடம் பிடிக்கிறது. ஒரு சொட்டுக் கறுப்பு விட்டால் சரியாகும் என்று நினைக்கிறேன். எதற்கு என்று கேட்காதே. மூச்சு நன்றாக வந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பல தடவை படித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
பெயிண்டர்

ஜூலை 19

பெயிண்டர் ஐயா அவர்களுக்கு,

நான் நலம். இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடுகிறேன், பெரியம்மா சாட்சி.

ஒரு வேலை கிடைத்திருக்கிறது. மியூசியத்தில் கப்பல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் கொடிகள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. பாதி கிழிசல். "எங்க பொண்ணு தைப்பா" என்று பெரியம்மா என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டாள். நீலத்தில் நடுவே வெள்ளைக் கட்டம் இருந்தால், கப்பல் கிளம்பப் போகிறது, எல்லாரும் ஏறிவிடுங்கள் என்று அர்த்தம். போன வாரம் ஒரு கொடியைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். அதை மாடியில் ஏற்றியும் விட்டார்கள். தலைகீழாகப் பறந்தால் ஆபத்து, உதவி வேண்டும் என்று அர்த்தமாம். கொஞ்ச நேரத்தில் துறைமுகப் படகு ஒன்று பதறிக்கொண்டு வந்து கரையில் முட்டியது. "யாருக்கு என்ன ஆச்சு" என்று கேட்டு ஒருவர் மேலே ஓடி வந்தார். பெரியம்மா அவரை நிறுத்தி டிக்கெட் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். பாப்பா போன பிறகு அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் பயமாகிவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

நேற்று பெரியம்மாவும் நானும் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இருக்கிற அயல்நாட்டுக் கல்லறைக்குப் போனோம். எனக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு போகவில்லை, "போவோமா, உனக்கு முடியுமா" என்று கேட்டுத்தான் போனாள். அங்கே ஒரு சின்னக் கல். ஒரு கப்பல் தலைவனின் மகள். காற்றுக்காகக் கப்பல் காத்து நின்றபோது நோயில் இறந்திருக்கிறாள். வயது எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. அவளைப் புதைத்த பிறகு காற்று வந்துவிட்டது, கப்பல் கிளம்பிவிட்டது. அந்த அம்மா அதில் ஏறிப் போயிருக்கிறாள். எப்படி ஏறினாள் என்றுதான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் பதில் சொல்லுங்கள். உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். டாக்டர் இருக்கிறார், டாக்டரம்மா இருக்கிறார், ஆறு வெள்ளை இருக்கிறது. பாப்பா ஒரு வரியில்கூட இல்லை. உங்களுக்கு அவள் நினைப்பு வருவதே இல்லையா?

உங்கள்
தையல்காரி

ஜூலை 29

என் தையல்காரிக்கு,

நலம். கொடி சங்கதி படித்து நானும் சிரித்தேன். டாக்டருக்கும் படித்துக் காட்டினேன்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. சுவர் சீக்கிரம் காய்கிறது, அது ஒரு வசதி. பச்சை சரியாக வந்துவிட்டது, ஒரு சொட்டுக் கறுப்புதான்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். கல்லறைக்கெல்லாம் போக வேண்டாம்.

உன்
பெயிண்டர்

ஆகஸ்ட் 9

பெயிண்டர் ஐயா அவர்களுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் கடைசிக் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. கோபப்பட்டேன், பிறகு தணிந்துவிட்டேன். சிலருக்கு எழுத வராது என்று பெரியம்மா சொல்கிறாள். உங்களுக்கா எழுத வராது?

இந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு வருகிறேன். பை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். தேறிவிட்டேனா என்று கேட்காதீர்கள். ஆனால் இப்போது என்னால் ஓர் இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வர முடிகிறது. முன்பு போனால் போன இடத்திலேயே நின்றுவிடுவேன். அதனால் அந்த மூலைக்கும் போய்விட்டுத் திரும்பி வர முடியும் என்று தோன்றுகிறது.

அந்த மூலையைப் பற்றி உங்களிடம் நான் சொன்னதே இல்லை. உங்களுக்கே தெரியும் என்று நினைத்தேன். அவள் பாடம் படிக்கும்போது அங்கேதான் தலையைச் சாய்த்து உட்காருவாள். சுவரில் ஓர் எண்ணெய்க் கறை, அவள் தலை உயரத்தில். "பெயிண்டர் வீட்டுச் சுவரைப் பாத்து ஊரே சிரிக்கும்" என்று நீங்கள் அவளைத் திட்டுவீர்கள். அவள் நீங்கள் போன பிறகு மறுபடி அங்கேயே சாய்வாள். அவள் துணிமணியை எல்லாம் நம் சொந்தக்காரர்கள் நல்லெண்ணத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் கறை ஒன்றுதான். நான் சுவரில் சாயவில்லை, அவள் தலைமேல் தலை வைத்துக்கொண்டிருந்தேன்.

வந்ததும் கொஞ்ச நேரம் அங்கே உட்காருவேன். பிறகு எழுந்து சமைப்பேன். வாக்கு. நீங்களும் வராந்தாவை விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள்
தையல்காரி

ஆகஸ்ட் 11

என் தையல்காரிக்கு,

நலமா? நான் இன்று ரொம்ப நலம். ரகசியத்தை நீ வரும்வரை காப்பாற்ற வேண்டும் என்றுதான் இருந்தேன், என் வாய் உனக்குத் தெரியுமே.

நம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டேன். உன் கடைசி வீட்டு நிறம். சில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது சில்லு, எது சுவர் என்று நீயே கண்டுபிடிக்க முடியாது. பெரிய அறை முழுக்க, நாலு சுவரும். காலை வெயிலில் நீலமாக நிற்கிறது, சாயங்காலம் பச்சைக்குப் போகிறது. நீ மூச்சு விடுவதற்கு இனி அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

வேலை எப்படி என்று கேள். மற்றவனாக இருந்தால் அந்த மூலையில் இருந்த எண்ணெய்க் கறைமேல் ஒரு பூச்சு அடித்துவிட்டுப் போயிருப்பான். எண்ணெய்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது, ஒரே மாதத்தில் மஞ்சளாக எழும்பி வரும். நான் முதலில் வெந்நீரில் சோடா போட்டு மூன்று தடவை கழுவினேன். காயவிட்டுச் சுரண்டினேன். பூச்சு வரைக்கும் எண்ணெய் இறங்கியிருந்தது, அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுசாகப் பூசினேன். பிறகு உப்புத்தாள், பட்டி, பிரைமர் இரண்டு கோட், அதன்மேல்தான் நிறம். இனி அங்கே கறை இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஜென்மத்துக்கு எழும்பாது.

இனிமேல் நீ அந்த மூலையில் உட்கார்ந்தாலும் உன் கண்ணில் படுவதற்கு ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு வேண்டும்.

எப்போது வருகிறாய் என்று எழுது. பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

உன்
பெயிண்டர்

செப்டம்பர் 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பெரியம்மா எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் நினைக்கிறேன். இங்கே அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் போன் செய்தபோதெல்லாம் அவள் வெளியே போயிருக்கிறாள் என்று சொன்னேன். அது பொய். மாடியில்தான் இருந்தாள். எத்தனை தடவை நான் பொய் சொல்வது, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு பேர் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கிறது. அவள் அந்த மூலையைப் பற்றி எழுதிப் போட்டுவிட்டு, பை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது உங்கள் கடிதம் வந்தது. பைமேலேயே உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு, அடுக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். அழவில்லை. மூன்றாம் நாள் நானே கேட்டேன். "அரைகுறை வேலைக்காரனா இருந்திருந்தா ஏதாவது மிஞ்சியிருக்கும் பெரியம்மா. இவர் கை சுத்தம்" என்றாள். கொடி தைக்கப் போகிறாள், வருகிறாள். அந்தக் கப்பல் பெயிண்ட் தெருப் பக்கம் மட்டும் போவதில்லை.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால்தான் உங்களைத் திட்டவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதினால் அவள் படிக்காமலே வைத்துவிடுவாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பிள்ளை உங்களுக்கும் பிள்ளைதானா என்று. இத்தனை கடிதத்தில் ஒரு வரி இல்லையாமே. என்னிடமும் நீங்கள் பேசும்போதெல்லாம் சிரிப்புக் கதைதான் சொல்கிறீர்கள். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து முகம் பார்த்தே காலத்தை ஓட்டுகிறவள் நான். சிரிக்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். வராந்தாவில் பனி இறங்கும், போர்த்திக்கொண்டு படுங்கள்.

பெரியம்மா

செப்டம்பர் 12

என் தையல்காரிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தகுதி இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பாப்பா நினைப்பு வருவதே இல்லையா என்று கேட்டாய். நினைப்பு வந்துவிடக் கூடாது என்றுதான் நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். டாக்டரிடம், டாக்டரம்மாவிடம், மெஸ்காரரிடம், நாயைப் பார்த்தால் நாயிடம். வாயை மூடினால் அவள் "அப்பா" என்கிறாள். நீ போன அன்றைக்கு வீட்டில் படுத்தேன். விளக்கை அணைத்த பிறகும் அந்த மூலை தெரிந்தது. அவள் அங்கே உட்கார்ந்து நான் திட்டுவேன் என்று பார்க்கிற மாதிரியே இருந்தது. எழுந்து பங்களாவுக்கு ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு ஒருநாள்கூட நான் நம் வீட்டில் படுக்கவில்லை. காற்று எல்லாம் சும்மா.

உனக்காகத்தான் அந்தச் சுவரை அடித்தேன் என்று எழுதினேன். பாதிதான் நிஜம். அந்தக் கறை இருக்கிற வீட்டுக்குள் நான் நுழைய முடியவில்லை. நீ அதைப் பார்த்தால் அவள் அருகில் இருக்கிற மாதிரி இருந்திருக்கிறது. எனக்கு அவள் போனது மட்டும்தான் தெரிந்தது. ஒரே கறை, நம் இரண்டு பேருக்கும் இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமென்றால் அவளைப் பற்றிப் பேச வேண்டும், அதனால் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். மத்தியான நேரம், முதல் தடவை வெந்நீரைச் சுவரில் ஊற்றித் தேய்த்தேன். ஆவி எழும்பியது. அதில் அவள் வாசனை வந்தது. லேசாக இல்லை. என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். நான் தூக்கினால் என் கழுத்தில் தலையை வைப்பாளே, அப்படி. துணியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். அவள் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை, உன்னைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாசனை போய்விட்டது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் மறுபடி அழ வேண்டும் என்று பயந்து, இரண்டாவது தடவை ஊற்றினேன், மூன்றாவது தடவை ஊற்றினேன், கொத்தினேன்.

நீ வராவிட்டாலும் சரி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத மனசு வரவில்லை. வா.

பெயிண்டர்

செப்டம்பர் 25

உங்களுக்கு,

உடம்பு சுகம். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இத்தனை நாள் போய்விட்டது.

ஒன்று நானும் சொல்லவில்லை. அந்தக் கறையில் முதல் இரண்டு மூன்று வாரம்தான் அவள் வாசனை இருந்தது. பிறகு நான் சாய்ந்து சாய்ந்து, என் தலை எண்ணெய் அதில் ஏறிவிட்டது. முகர்ந்து பார்த்தால் நான்தான் வருவேன். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சாய்ந்தேன். அடியில் எங்கேயாவது இருப்பாள், ஒருநாள் வருவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வெந்நீர் ஊற்றியதும் வந்துவிட்டாள். உங்களிடம் வந்தாள். கறையைப் போக்கிவிட்டீர்கள் என்ற கோபம் எனக்கு இப்போது அவ்வளவாக இல்லை. பொறாமையாகத்தான் இருக்கிறது. அடக்க முடியாத பொறாமை. நான் அங்கே மூன்று மாதம் கிடந்தேன், எனக்கு வரவில்லை.

அந்த வீட்டுக்கு இப்போது என்னால் வர முடியாது. உங்களைப் பிடிக்காமல் இல்லை. அந்த அழகான சுவரைப் பார்த்துக்கொண்டு என்னால் சமைக்க முடியாது. நீங்கள் இங்கே வாருங்கள். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன், கீழ் அறையை ஒழித்து வைத்துவிட்டாள்.

வந்து எனக்கு அதைச் சொல்லுங்கள். காலையில் எண்ணெய் வைத்துப் பின்னியதும் வருமே, அந்த வாசனையா? சாயங்காலம் விளையாடிவிட்டு வியர்த்து வந்து நிற்பாளே, அந்த வாசனையா? இரண்டும் வேறு வேறு, உங்களுக்கும் தெரியும். எழுதிவிடாதீர்கள். நேரில் சொல்லுங்கள். என்னால் எவ்வளவு தாங்க முடிகிறதோ அவ்வளவு கேட்டுக்கொள்கிறேன்.

தையல்காரி

அக்டோபர் 2

என் தையல்காரிக்கு,

நலம். நீயும் நலமாக இரு, நான் வரும்வரைக்காவது.

நாளை மறுநாள் கிளம்புகிறேன். இதை இன்றைக்கே போட்டுவிடுகிறேன், எனக்கு முன்னால் வந்து சேர்ந்தாலும் சரி, பின்னால் வந்தாலும் சரி. உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் ஒரு பெயிண்ட் டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. "உடம்புக்கு என்ன பெயிண்டர்" என்று டாக்டர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். இந்த மூக்கு டர்பன்டைனில் ஊறிப்போன மூக்கு. அதில் அவள் வந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. நாலைந்து நாளில் பிரைமர் வாடை எல்லாவற்றையும் மூடிவிட்டது. இப்போது கண்ணை மூடி நினைத்தால் கொஞ்சம் வருகிறது, கொஞ்சம் வரவில்லை. உன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்று இதை முன்கூட்டியே எழுதுகிறேன்.

சாயங்கால வாசனைதான். அது மட்டும் நிச்சயம். மீதியை நேரில் சொல்கிறேன்.

நீண்ட தூர பஸ். என்னைத் தெரியுமே, பக்கத்து சீட்டில் மூட்டையை வைத்தாலும் அதற்குக் கதை சொல்லிக்கொண்டு வருவேன். இந்தத் தடவை யார் பேச்சுக் கொடுத்தாலும் பேசமாட்டேன். பேசினால் மறந்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. உன்னிடம் வந்து சேரும்வரை வாயைத் திறக்காமல் வருகிறேன்.

உன்
பெயிண்டர்